ஹாலைத் தாண்டாத பணம்

என் அண்ணியைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது கோபம். அவள்மேல் இல்லை. அவள் இருபது வருடமாக நின்று சமைத்த மேடையின்மேல், அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே சும்மா இருந்த என் அண்ணன்மேல். நாத்தனார் போய் அண்ணிக்கு வக்காலத்து வாங்குவதா என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். செய்யட்டும். அவர்கள் வீட்டுக்கு இரண்டு மாடி கீழேதான் நாங்கள் இருக்கிறோம். நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும்.

அண்ணன் வீடு ஒன்றும் மாளிகை இல்லை. கதவைத் திறந்தால் ஹால், அதை ஒட்டி ஒரு படுக்கையறை, கோடியில் சமையலறை. படுக்கையறையில் ஒருவர் பீரோவைத் திறந்தால் இன்னொருவர் கட்டில்மேல் ஏறிக்கொள்ள வேண்டும். இவ்வளவு சின்ன வீட்டில் எதை முதலில் சரிசெய்வது என்று முடிவுபண்ணப் பெரிய மூளை எதுவும் தேவையில்லை. எது ஒழுகுகிறது, எது வலிக்கிறது என்று பார்த்தால் போதும். ஆனால் எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் எந்த வேலை என்றாலும் வாசற்கதவில் ஆரம்பித்து உள்ளே போக வேண்டும். அப்பா தொடங்கிவைத்த வழக்கம் அது. "வர்றவன் எங்கேருந்து பாக்குறான்? வாசல்லேருந்து. அப்ப வேலையும் அங்கேருந்துதான் வரணும்" என்பார். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். வழக்கத்தை அண்ணன் பிடித்துக்கொண்டான்.

வாசலில் ஆரம்பிக்கிற பணம் எங்கே தீரும்? சமையலறை நிலைப்படியில்தான் தீரும். ஒரு தடவை வீட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். இன்றைக்கும் போய்ப் பாருங்கள், சமையலறைக் கதவு நிலையில் ஹாலைப் பார்த்த பக்கம் சந்தன நிறம், உள்பக்கம் பழைய அழுக்குப் பச்சை. பிரஷ்ஷை வளைத்து ஒரு இழுப்பு இழுத்திருந்தால் முடிந்திருக்கும். இழுக்கவில்லை. இன்னொரு தடவை தரைக்கு டைல்ஸ் போட்டார்கள். கடைசி டைல் நிலைப்படியோடு நின்றது. அதற்கு அப்புறம் பெயர்ந்துபோன சிமென்ட் தரை. மிச்சமிருந்த டைல்களைச் சமையலறைக்குப் போடுவார்கள் என்று பார்த்தால், செருப்பு விடுகிற இடத்துக்குப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அண்ணன் ஒன்றே ஒன்றைத்தான் சொல்வான். "அடுத்த தடவ கிச்சன்." அந்த அடுத்த தடவைக்கு மீசை முளைத்துவிட்டது, ஆள் மட்டும் வரவே இல்லை.

அந்தச் சமையல் மேடை எங்கள் அம்மாவுக்காகக் கட்டியது. அம்மா குள்ளம். வீடு வாங்கினபோது கொத்தனார் உயரம் கேட்க, அம்மா தன் இடுப்பில் கையை வைத்து, "இங்க வை" என்று சொல்லிவிட்டாள். அவள் சமையலறை, அவள் இடுப்பு, அதில் ஒரு தப்பும் இல்லை. அம்மாவுக்குப் பிறகு அங்கே நிற்கவேண்டி வந்தவள் என் அண்ணி. அண்ணி நெட்டை. அண்ணனைவிட ஒரு சாண் உயரம். கல்யாணப் போட்டோவில் இரண்டு பேரும் ஒரே உயரமாகத் தெரிவார்கள். போட்டோக்காரர் அவளை ஒரு படி கீழே இறங்கி நிற்கச் சொன்னார் என்பது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த விஷயம். அண்ணன் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ஏணி. "ஏணி, அந்த பல்பை மாத்து", "ஏணி, பரண்லேருந்து பெட்டிய எடு." அவள் உயரம் வீட்டில் எல்லோருக்கும் உபயோகப்பட்டது. மேடை அவள் தொடைக்கு வந்தது என்பதை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை.

காய் நறுக்க வேண்டுமா, குனிய வேண்டும். அடுப்பைப் பார்க்க வேண்டுமா, இன்னும் குனிய வேண்டும். பாத்திரம் கழுவும் தொட்டி மேடையைவிடவும் பள்ளம். அங்கே அவள் கிட்டத்தட்ட இரண்டாக மடிந்து நிற்பாள். அவளும் எல்லாம் செய்து பார்த்தாள். அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் பலகையை வைத்துக் காய் நறுக்குவாள். அடுப்புக்குக் கீழே செங்கல் வைத்துப் பார்த்தாள். ஒருநாள் வாணலி ஆடி, எண்ணெய் சிந்தி, மணிக்கட்டில் சுட்டுக்கொண்டாள். அன்றைக்கு அண்ணன் சொன்னது என்ன தெரியுமா? "செங்கல் எல்லாம் வெச்சா இப்படித்தான் ஆகும்." மருந்து வாங்கி வந்தான், இல்லை என்று சொல்லவில்லை. செங்கலைத் தூக்கிப் போட்டான். மேடை அப்படியே இருந்தது.

அண்ணி சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து முடித்த சட்டைகள் வந்து குவியும். ஒவ்வொன்றாக எடுத்துக் காலரைத் திருப்பி, கைமடிப்பைத் திருப்பி, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிக்க வேண்டும். குறை இருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தனியாகப் போட வேண்டும். நாள் முழுக்க நின்றபடி வேலை. ஆனால் அதைப் பற்றி அவள் குறை சொல்லிக் கேட்டதில்லை. "அங்க மேஜை என் ஒசரத்துக்கு இருக்கு. கம்பெனியில நிமிர்ந்து நிக்கிறேன், வீட்லதான் கூன் விழுது" என்பாள். கல்யாண வீட்டுக்குக் கூட்டிப்போனால் மணமக்களைப் பார்க்க மாட்டாள், முன்வரிசை ஆண்களின் காலரைப் பார்ப்பாள். "அந்த ரெண்டாவது ஆள் ரிஜெக்ட்" என்று என் காதில் சொல்லுவாள். உங்க புருஷனை எப்படி அண்ணி பாஸ் பண்ணி விட்டீங்க என்று ஒருதடவை கேட்டேன். "அன்னிக்கு கரன்ட் இல்ல" என்றாள்.

அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். கையில் செட்டில்மென்ட் பணத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். அதற்குச் சில மாதம் முன்பிருந்தே அவளுக்கு இடுப்பிலிருந்து கால்வரை இழுக்க ஆரம்பித்திருந்தது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, குனிகிற வேலையே கூடாது, இப்படியே போனால் ஒருநாள் எழுந்திருக்க முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். இனிமேல் வேறு கம்பெனியில் அந்த வயதுக்காரியை யாரும் எடுக்கப் போவதில்லை. ஆக, அந்த வீட்டுக்கு மொத்தமாக வரக்கூடிய கடைசிப் பணம் அதுதான். அந்தப் பணத்தில் மேடை உயரவில்லை என்றால் அவள் முதுகு அவ்வளவுதான். இது எனக்குப் புரிந்தது. காலேஜ் படிக்கிற அண்ணன் மகளுக்குப் புரிந்தது. அண்ணனுக்கு மட்டும் புரியவில்லை. தூங்குகிறவனை எழுப்பலாம், அவன் சோபாவில் சாய்ந்து அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எதிர் வீட்ல ஃபால்ஸ் சீலிங் போட்டிருக்கான், பாத்தியா? உள்ளுக்குள்ள லைட்டெல்லாம் வெச்சு, ஓட்டல் மாதிரி இருக்கு."

"நீ என்ன ஓட்டல்லயா குடியிருக்க?" என்றேன்.

அண்ணி சமையலறையிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "என்னங்க, இந்தத் தடவ கிச்சன்லேருந்து ஆரம்பிக்கலாம். மேடைய ஒசத்திட்டு, தொட்டிய மாத்திட்டு, மிச்சம் இருந்தா உங்க சீலிங்கப் போட்டுக்கோங்க."

"கிச்சன விட்ருவேனா? அதையும் பண்ணிடலாம். மொதல்ல ஹால முடிச்சிடுவோம். எப்பவுமே வாசல்லேருந்து உள்ள போறதுதான நம்ம வழக்கம்."

"வாசலுக்கா முதுகு வலிக்குது?" என்று கேட்டேன்.

"உனக்கு எல்லாத்துலயும் நக்கல். எனக்கு ப்ரமோஷன் வந்திருக்கு. மேனேஜர் வீட்டுக்கு வரேன்னு சொல்லியிருக்காரு. அவரக் கொண்டுபோய் கிச்சன்லயா உக்கார வெப்பேன்?"

"டாக்டர் குனியவே கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க" என்றாள் அண்ணி.

"டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க. என்னைய உப்பக் கொறைக்கச் சொன்னாரு. கொறச்சிட்டனா? நல்லாத்தான இருக்கேன்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது யாருடைய பணம்? கொட்டுகிற நூல்தூசியில் நின்று நின்று அவள் சம்பாதித்த பணம். ஆனால் அது வந்து விழுந்தது கூட்டுக் கணக்கில். எங்கள் குடும்பத்தில் கூட்டு என்றால் அண்ணன் என்று அர்த்தம். அடுத்த வாரமே ஆட்கள் வந்து ஹாலில் சாரம் கட்டிவிட்டார்கள். "கேக்காம எப்படி அண்ணி விட்டீங்க?" என்று சண்டை பிடித்தேன். "கேட்டேனே, நீயும்தான் இருந்தியே" என்றாள்.

ஹாலில் வெள்ளை வெளேரென்று சீலிங் வந்தது. ஓரமெல்லாம் குட்டிக் குட்டி விளக்கு. ஒரு சுவர் நீளத்துக்கு ஷோகேஸ் அலமாரி, அதன்மேல் பளபளவென்று கறுப்புக் கல். மகள் தன் புத்தகங்களுக்கு அடிப்பக்கம் இரண்டு தட்டு வேண்டும் என்று கேட்டதால் தச்சர் அதை உயரமாகவே செய்திருந்தார். கல்லின்மேல் டிவி, ஒரு பூ ஜாடி, அண்ணன் ஆபீசில் வாங்கிய கேடயம். வேலை முடிந்ததும் பணமும் முடிந்தது. சமையலறைக்கு என்ன மிஞ்சியது தெரியுமா? ஒரு சுருள் ஸ்டிக்கர். சுவரில் ஒட்டுவது. ஆரஞ்சுப் பழமும் திராட்சைக் கொத்தும் படம் போட்டது. அண்ணனே நின்று ஒட்டினான். "பாத்தியா, கிச்சனும் பளிச்சுன்னு ஆயிடுச்சு" என்றான். ஒழுகுகிற தொட்டிக்கு அடியில் வைத்திருந்த வாளியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் ஒட்டினான். ஒட்டி முடித்ததும் வாளியை மறக்காமல் பழைய இடத்தில் வைத்தான். அந்த அக்கறையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லை நறநறவென்று கடிக்கத் தோன்றுகிறது.

ஸ்டிக்கர் ஒட்டிக் கொஞ்ச நாளில் அண்ணி தொட்டியருகே குனிந்தவள் நிமிரவில்லை. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் ஓடிவந்து என்னைக் கூப்பிட, நானும் அவளுமாகக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தோம். குப்புறவும் படுக்க முடியவில்லை, மல்லாக்கவும் படுக்க முடியவில்லை. எதற்கும் அழாதவள், தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள். அவள் படுத்திருந்த நாளெல்லாம் அண்ணன் கடையில் பார்சல் வாங்கிவந்தான். "தெனமும் கடச் சாப்பாடு வயித்துக்கு ஒத்துக்கல" என்று என்னிடம் வந்து முறையிட்டான். அவனுக்கு வயிறு, அவளுக்கு முதுகு. எதற்கு முதலில் இரக்கப்பட வேண்டும் என்று அவன் எதிர்பார்த்தான் என்பது எனக்குத் தெரியும். நான் கதவைச் சாத்திவிட்டேன்.

எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு ஒருநாள், அண்ணன் ஆபீஸ் போனதும் அண்ணி என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். போய்ப் பார்த்தால் ஹாலில் அந்தக் கறுப்புக் கல்லின் முன்னால் நின்றுகொண்டு, உள்ளங்கையை அதன்மேல் வைத்திருந்தாள்.

"இது சரியா என் இடுப்புக்கு இருக்கு, பாரு" என்றாள்.

"ஆமா. அதுக்கென்ன அண்ணி?"

"பணம்தான் கிச்சனுக்கு வரமாட்டேங்குது. நான் ஹாலுக்குப் போயிடறேன்."

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன். மகளும் நானும் கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தோம். அடுப்பைத் தூக்கிக் கல்லின்மேல் ஜன்னல் பக்கமாக வைத்தோம். பூ ஜாடி இருந்த இடத்தில் எண்ணெய்ப் பாட்டில், கேடயம் இருந்த இடத்தில் அஞ்சறைப் பெட்டி. மூலையில் ஸ்டூல் போட்டு அதன்மேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி, பாத்திரம் கழுவ. அலமாரியில் கொஞ்சம் புத்தகத்தை ஒதுக்கிவிட்டு அரிசி டப்பாவும் பருப்பு டப்பாவும் போயின. டிவியை என்ன செய்வது என்று மகள் கேட்டாள். "உங்கப்பாவுக்கு எப்பவும் உக்காந்துதான பாக்கணும். கிச்சன் மேடை அதுக்குத் தோதா இருக்கும்" என்றாள் அண்ணி. அப்படியே வைத்தோம். ஆரஞ்சுப் பழத்துக்கும் திராட்சைக்கும் நடுவில் டிவி நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் நானும் அங்கே இருக்கும்போதே அண்ணன் வந்தான். தனியாக வரவில்லை. மேனேஜரையும் அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தான். சொல்லாமல் கொள்ளாமல் கூட்டிவந்தது அவன் தப்பு. அவன் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்து, "வாங்க சார், வாங்க, சின்ன வீடுதான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே ஸ்விட்சைப் போட, குட்டி விளக்குகள் எல்லாம் எரிந்தன. அந்த வெளிச்சம் மொத்தமும் நேராக வெங்காயத்தின்மேல் விழுந்தது. அண்ணி நின்று நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன இது?" என்றான் அண்ணன்.

"சமையல்" என்றாள் அண்ணி. "வாங்க சார், வாங்கம்மா, உக்காருங்க. டீ இங்கதான் போடறேன், பேசிக்கிட்டே இருக்கலாம்."

மேனேஜர் சோபாவில் உட்கார்ந்து சீலிங்கைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், அப்புறம் தன் காலைப் பார்த்தார். அவர் மனைவி உட்காரவில்லை. அண்ணியின் பக்கத்தில் போய் நின்று, "இங்கயே வெச்சுட்டீங்களா?" என்று கேட்டாள். அண்ணி எதையும் மறைக்கவில்லை. மேடை, தொட்டி, டாக்டர், கம்பெனிப் பணம் எல்லாவற்றையும் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். குரலில் அழுகை இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. குறையுள்ள இடத்தில் அம்புக்குறி ஒட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்த அம்மாள் சமையலறைக்குள் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து தன் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் வேறு வீட்டு விஷயம், எனக்குத் தெரியாது. மேனேஜர் டீயை வேகவேகமாகக் குடித்தார்.

அவர்கள் போனதும் அண்ணன் வெடித்தான். நான் டீ டம்ளர்களைக் கழுவுகிற சாக்கில் அங்கேயே நின்றேன்.

"என் மானத்த வாங்கிட்ட. நாளைக்குக் காலையில எல்லாம் பழைய எடத்துல இருக்கணும்."

"வெச்சிடறேன்" என்றாள் அண்ணி. "பழைய எடத்துல நீங்க நின்னு சமைங்க. உங்க ஒசரத்துக்கு அவ்வளவு மோசமா இருக்காது. நான் இனிமே குனிய மாட்டேன்."

"வர்றவன் சிரிக்க மாட்டானா?"

"சிரிக்கட்டும். நான் நிமிர்ந்து நின்னு கேட்டுக்கறேன்."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கூடப் பிறந்தவள் கொஞ்சமாவது அவன் பக்கம் பேசுவாள் என்று நினைத்தான் போல. நான் டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் எதுவும் இடம் மாறவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. அண்ணன் இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தான். பிறகு பேசினான், பசித்தால் பேசித்தானே ஆக வேண்டும். சமையலறையில் சுவரோடு ஒட்டி ஒரு நாற்காலி போட்டு டிவி பார்த்தான். முழங்கால் மேடையில் இடித்தது. "காலு நீட்ட முடியல" என்று மகளிடம் சொன்னானாம். அவள், "அம்மாவுக்கும் அப்படித்தாம்ப்பா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போய்விட்டாள். அண்ணியோ தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். தாளிக்கும்போதே பாட்டு முணுமுணுப்பாள். என் அண்ணிக்குப் பாட வரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

சீலிங் மட்டும்தான் தேறவில்லை. தாளிக்கிற எண்ணெய்ப் புகையெல்லாம் நேரே மேலே போய் ஒட்டியது. அடுப்புக்கு மேலே முதலில் வெளிறின மஞ்சள், அப்புறம் நல்ல மஞ்சள், அப்புறம் டீக்கறை நிறம். ஒரு விளக்கின் கண்ணாடியில் பிசுக்கு ஏறி அது மங்கிப்போனது. அண்ணன் தினமும் அண்ணாந்து பார்ப்பான். ஸ்டூல் போட்டு ஏறித் துணியால் துடைத்துப் பார்த்தான். துடைத்த இடம் திட்டுத்திட்டாக இன்னும் அசிங்கமானது. அன்றைக்கு ராத்திரி அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று அண்ணியே சொன்னாள்.

அந்த வாரமே கொத்தனார் வந்தார். ஆபீசில் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறான். கம்பெனிப் பணம் வந்தபோது இல்லாத வழி, எண்ணெய் சிந்திக் கை வெந்தபோது இல்லாத வழி, அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தபோது இல்லாத வழி, சீலிங்கில் கறை விழுந்ததும் எங்கிருந்து முளைத்தது? வாயைத் திறந்து கேட்டேன். "இப்பத்தான் பண்றேன்ல, அப்புறம் என்ன பேச்சு?" என்று எரிந்து விழுந்தான். பழைய மேடையை இடித்தார்கள். புதுமேடைக்கு உயரம் எவ்வளவு என்று கொத்தனார் கேட்க, அண்ணன் பதில் சொல்ல வாயெடுத்தான். அண்ணி அவனைத் தாண்டிப் போய்ச் சுவரோடு நின்று தன் இடுப்பில் கையை வைத்துக் காட்டினாள். தொட்டியும் மேலே வந்தது. வாளியைத் தூக்கி மொட்டைமாடியில் போட்டாயிற்று. அடுப்பு உள்ளே போனது, டிவி வெளியே வந்தது, ஹாலுக்கு மறுபடி பெயின்ட் அடித்தார்கள்.

போன வாரம் எதிர் வீட்டுக்காரரும் அவர் மனைவியும் பார்க்க வந்திருந்தார்கள். நானும் இருந்தேன். அண்ணன் அவர்களைச் சமையலறை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் மேடையைத் தட்டிக் காட்டினான். "இவளுக்கு ரொம்ப நாளா முதுகு வலி, பாவம். பாத்துக்கிட்டே இருக்க முடியுமா? நம்ம வசதி எப்படியோ, மொதல்ல இத முடிச்சிடணும்னு எறங்கிட்டேன்" என்றான். கொஞ்சம்கூட நாக்கு கூசவில்லை. அவர்களும் "நீங்க குடுத்து வெச்சவங்க" என்று அண்ணியைப் பார்த்துச் சொன்னார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. வாயைத் திறப்பதற்குள் அண்ணியே பேசினாள். அவள் அடுப்பு முன்னால் நிமிர்ந்து நின்று எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்கு முதுகு வலி இருபது வருஷமா இருக்குங்க. சீலிங்ல மஞ்ச விழுந்து ஒரு மாசம்தான் ஆச்சு."